எங்கள் சந்தில் நிறுத்திய டிரம்

கர்த்தர் செய்ததைச் சொல்வதற்கு முன்னால் நான் செய்ததைச் சொல்லியாக வேண்டும். அதை விட்டுவிட்டு இந்தச் சாட்சியைச் சொன்னால் பாதி பொய்யாகிவிடும்.

போன வருஷம் அக்டோபர் கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. கொச்சி மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு அடுக்களைத் தரையில் உட்கார்ந்து கிறிஸ்துமஸ் பாட்டு எழுதிக்கொண்டிருந்தேன். என் கணவர் ராஜன் பக்கத்தில் நின்று சாயா குடித்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தார். நான் தலையைத் தூக்காமல், "கொஞ்ச நேரம் அந்த வாய மூடிட்டு இருங்களேன்" என்று சொன்னேன். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. டம்ளர் விழுந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவருடைய வலது கை தொங்கிக்கொண்டிருந்தது. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார். வரவில்லை.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் என் வாயால் அவர் கெட்டார் என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அதையேதான் நினைத்தேன்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ராஜன் பெட்டி ஆட்டோ ஓட்டுகிறவர். கொச்சங்காடிக் கிடங்குகளில் மூட்டை ஏற்றி, எர்ணாகுளத்தில் பிராட்வே கடைகளில் இறக்குவார். நான் அதே கொச்சங்காடியில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிறேன். முறத்தில் சுக்கைப் புடைக்கிற சத்தத்துக்கு ஒரு தாளம் உண்டு. அந்தத் தாளத்தில் எனக்குச் சின்ன வயதிலிருந்தே பாட்டு வரும். நாங்கள் ஐம்பது குடும்பம்கூட இல்லாத ஒரு தமிழ்ச் சபை. ஒவ்வொரு வருஷமும் கிறிஸ்துமஸுக்கு முன்னால் வீடு வீடாகப் பாடிப் போகிற கேரல் ரவுண்ட்ஸுக்கு ஒரு புதுப் பாட்டு வேண்டும். பாட்டு என்னுடையது, டிரம் அவருடையது. இருபது வருஷமாக இதில் மாற்றம் இல்லை.

நான் படித்தது மலையாளப் பள்ளிக்கூடத்தில். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்தில்தான் எழுதுவேன். போதகரின் மனைவி அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுப்பார். இந்தச் சாட்சிக்கும் அவர்தான் அந்த உபகாரம் செய்திருக்கிறார்.

ராஜன் வாய் ஓயாத மனுஷன். "எங்க வீட்டுக்கு ரேடியோ வேண்டாம், எனக்குப் புருஷன் இருக்காரு" என்று கிடங்கில் சொல்லிச் சிரிப்பேன். அந்தக் காலையில் அவர் பேசிக்கொண்டிருந்தது முந்தின நாள் ஒரு பேக்கரி வாசலில் கேக் டின்கள் சரிந்து விழுந்ததைப் பற்றி. "கேட்டியா ரூபி, அந்தச் சத்தம் இருக்கே, டிணு டிணு டிண்ணுன்னு, அசல் கேரல் தாளமாக்கும்" என்றார். நானோ வானத்து மணி, தேவதூதர் வீணை என்று பெரிய பெரிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பாட்டைக் கொடுக்க வேண்டும். வார்த்தை அமையவில்லை. ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. சொல்லிவிட்டேன்.

பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தோம். உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டது என்றார்கள். வலது கால் கொஞ்சம் அசைந்தது, கை அசையவில்லை. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. "இல்ல." எதைக் கேட்டாலும் அதுதான். பசிக்கிறதா என்றால் இல்ல. தட்டை வைத்தால் சாப்பிடுவார். வலிக்கிறதா என்றால் இல்ல. கண்ணில் நீர் நிற்கும். மூளையில் பேச்சுக்கான இடத்தில் அடிபட்டிருக்கிறது, வேறு சொல் வாயில் வராமல் இதுவே வருகிறது என்று டாக்டர் விளக்கினார். திரும்பி வருமா என்று கேட்டேன். சிலருக்கு வரும், பார்ப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம், கஞ்சி கொடுத்து வாயைத் துடைத்துவிட்டு, மகள் ஷைனி காலேஜுக்குப் போயிருக்கிற நேரம் பார்த்து அவரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு நான் வாய மூடச் சொன்னேனே. அதுக்கு எம்மேல கோவமா?"

"இல்ல" என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. அடுத்த நிமிஷமே சந்தேகமும் வந்தது. "என்னைத் தெரியுதா?" என்று கேட்டேன். "இல்ல." "நான் ரூபிதானே?" "இல்ல." அப்புறம் நான் எதையும் கேட்கவில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

சபை ஜனங்கள் வந்தார்கள், உபவாசம் இருந்தார்கள். ஒரு சகோதரி என் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டில் மறைவான பாவம் ஏதாவது இருந்தால் அறிக்கை செய்துவிடு என்றார். அவருக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று எனக்குப் பதறியது. அவர் எல்லார் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார் என்பது அன்றைக்கு ஞாபகம் வரவில்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை. போதகரிடமும் இல்லை, ஷைனியிடமும் இல்லை. என் ஜெபம் ஒரு மாசமாக இப்படித்தான் இருந்தது: "ஆண்டவரே, அன்னைக்கு நான் சொன்னது ஜெபம் இல்லை. நீர் அதை ஜெபமா எடுத்துக்கிட்டீரா? அப்படின்னா அதைத் திருப்பிக் கொடும். ஒரே ஒரு வேற வார்த்தை அவர் வாயில தாரும். என்னைத் திட்டுற வார்த்தையா இருந்தாலும் சரி."

பதில் எதுவும் வரவில்லை. காலையில் எழுந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். "இல்ல" என்பார். சாயா போடுவேன்.

பாட்டு எழுதுவதை விட்டுவிட்டேன். பாதி எழுதிய காகிதத்தை அடுப்பில் போட்டேன். நவம்பர் கடைசியில் போதகர் வந்தார். திருநெல்வேலிக்காரர், சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

"அக்கா, பாட்டு இல்லேன்னா பரவாயில்ல. பழைய பாட்டையே பாடிக்கிடுவோம். கேரல் குழு வீட்டுக்கு முன்னால வந்து ஒரு நிமிஷம் நிக்கட்டுமா?"

"வேண்டாம் ஐயா" என்றேன். "எங்க சந்துல டிரம்ம நிறுத்திருங்க."

எங்கள் சபையில் அப்படி ஒரு வழக்கம். சாவு நடந்த வீடு, பெரிய நோய் கிடக்கிற வீடு இருந்தால், கேரல் குழு சந்து முனையிலேயே டிரம்மை நிறுத்திவிடும். அந்த வீட்டைச் சத்தமில்லாமல் கடந்துபோய் அடுத்த சந்தில்தான் மறுபடி அடிப்பார்கள். மரியாதைக்காகச் செய்வது. இருபது வருஷமாக டிரம்மின் தோல்மேல் உள்ளங்கையை வைத்து அந்தச் சத்தத்தை அடக்கியது ராஜன்தான். அப்படி ஒரு வீட்டைக் கடந்து வந்த நாளில் அவர் அதிகம் பேசமாட்டார். "பாவம், அந்த வீடு" என்று மட்டும் சொல்வார். இப்போது எங்கள் வீடே அந்த வீடாகிவிட்டது. போதகர் தலையாட்டிவிட்டுப் போனார். அடுத்த அறையில் கட்டிலில் கிடந்தவரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டாலும் 'இல்ல' என்றுதானே சொல்லப்போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். இது நான் செய்த இரண்டாவது தப்பு.

டிசம்பர் பிறந்தது. பேச்சுப் பயிற்சி கொடுக்க வாரம் ஒருமுறை ஒரு மலையாளிப் பெண் வந்தாள். ஷைனியைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருப்பாள்.

"சேச்சி, பாட்டு பாடிக் கொடுக்கணும். பேச்சு போனாலும் சிலருக்கு பாட்டு போகத்தில்ல" என்றாள். "வரியோட கடைசி வார்த்தைய நீங்க சொல்லண்ட. அவருக்கு விட்டுக் கொடுங்க."

குடிக்கத் தண்ணீர் கேட்க முடியாத மனுஷனுக்குப் பாட்டா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனாலும் சபையில் பாடும் பாட்டுகளைப் பாடிப் பார்த்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டு நாளில் நிறுத்திவிட்டேன்.

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மேரி சேச்சி அச்சப்பம் சுடத் தொடங்கியிருந்தார். அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் முக்கி, மாவு கழன்று விழுவதற்காகச் சட்டி விளிம்பில் தட்டுவார்கள். டொக் டொக், டொக். ஜன்னல் வழியாக நன்றாகக் கேட்டது. கட்டில் கம்பியில் ராஜனின் இடது கை விரல்கள் அசைந்தன. டொக் டொக், டொக்.

நான் துணியைக் கீழே வைத்தேன். கொஞ்ச நேரத்தில் முன்பக்கத்து வீட்டில் நட்சத்திரம் கட்ட மூங்கிலைப் பிளந்தார்கள். விரல் அதற்கும் அசைந்தது. சாயங்காலம் படகுத்துறையிலிருந்து படகு ஊதியது. மூன்று விரல்கள் சேர்ந்து கம்பியில் விழுந்தன. ஆறு மணிக்குச் சபையில் டிரம் பழகுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ராஜனுக்குப் பதிலாக அந்த வருஷம் வில்சன் அடித்தான்; நல்ல மனுஷன், ஆனால் தாளத்தில் அவசரக்காரன். ராஜன் முகம் சுளித்ததைப் பார்க்க வேண்டுமே. "இல்ல, இல்ல" என்று சொல்லி, கம்பியில் சரியான தாளத்தைத் தட்டினார். பக்கவாதம் வந்து ஐந்து வாரத்தில் நான் முதல்முறையாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் ஆராதனை முடிந்து வந்து பென்சிலை எடுத்தேன். பாட்டு எழுத வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அவர் காதில் போகிற சத்தத்தை எல்லாம் எழுதி வைத்தால் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும் என்று தோன்றியது. பிராட்வேயில் ஷைனி வாங்கி வந்த காகித நட்சத்திரம் விரியும் சத்தம். மேரி சேச்சி வீட்டில் கேக் டின் அடுக்கும் சத்தம். அவர் தட்டுவார், நான் அந்த அளவுக்குச் சொல் வைப்பேன். சொல் நீளமாகிவிட்டால் 'இல்ல' என்பார். வெட்டிக் குறைப்பேன். இப்படி ஒரு வாரம் போனது. வீணை, தேவதூதர் எல்லாம் போய்விட்டார்கள். மிஞ்சியது இவ்வளவுதான்:

மூங்கில் பிளக்குது டக்கு டக்கு
முற்றத்து நட்சத்திரமே, வா.
எண்ணெயில் அச்சு டொக்கு டொக்கு
ஏழை வீட்டு இனிப்பே, வா.
துறையில் படகு பூம் பூம் பூம்
தூரத்து விருந்தே, வா.
பேச்சு அடங்கின வீடும் உண்டு
பிறந்த பாலனே, வா.

ஆண்டவரை 'வாரும்' என்றுதான் நாங்கள் அழைப்போம். ஆனால் பிறந்த குழந்தையை யாரும் 'வாரும்' என்று கூப்பிடுவதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. ஒரே எழுத்தில் ஒரு சொல் இருந்தால் அவருக்குச் சுலபமாக இருக்குமே என்று நினைத்தேன். காலையும் மாலையும் பாடினேன். அந்தப் பெண் சொன்னபடியே ஒவ்வொரு தடவையும் கடைசியில் 'வா'வை விட்டுவிட்டு அவர் வாயைப் பார்த்தேன். அவர் விரலால் தட்டினார். வாய் திறக்கவில்லை. ஒரு நாளைக்கு எட்டுப் பத்து தடவை இப்படி. யாரிடமும் இந்தப் பாட்டைக் காட்டவில்லை. என் ஜெபமும் சுருங்கிவிட்டது. அந்தக் கடைசி வரிதான் ஜெபம்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் கேரல் ரவுண்ட்ஸ். ஏழு மணி இருக்கும். ராஜனைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்திருந்தேன். கையில் ஸ்டீல் டம்ளர், தண்ணீர் குடித்து முடித்திருந்தார். தூரத்தில் டிரம் கேட்டது. மெயின் ரோட்டில், பிறகு மீன் கடைப் பக்கம், பிறகு எங்கள் சந்து முனை. அவர் முகத்தில் ஒரு வெளிச்சம். நிமிர்ந்து உட்காரப் பார்த்தார். இடது கை தொடையில் தாளம் போட்டது.

டிரம் நின்றது.

அவர் காத்திருந்தார். மறுபடி அடிப்பார்கள் என்று பார்த்தார். செருப்புச் சத்தம் மட்டும் வந்தது, யாரோ மெதுவாக இருமினார்கள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. இருபது வருஷமாகத் தன் கையால் செய்த காரியம் அல்லவா. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"இல்ல" என்றார். "இல்ல. இல்ல."

இரண்டு மாசமாகக் கேட்ட அதே சொல்தான். ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது எனக்கு முழுசாகப் புரிந்தது. எங்கள் வீட்டை அந்த வீடாக்காதே என்றார்.

டம்ளரைக் கவிழ்த்துக் கட்டில் கம்பியில் அடித்தார். டக்கு டக்கு, டொக்கு டொக்கு. வெளியே செருப்புச் சத்தம் நின்றது. என்ன செய்வதென்று தெரியாமல் நான் பாடினேன். பாடினேன் என்று சொல்வதுகூடத் தப்பு, தொண்டையிலிருந்து ஏதோ வந்தது. பேச்சு அடங்கின வீடும் உண்டு, பிறந்த பாலனே என்று வந்ததும் பழக்கத்தில் நிறுத்தினேன்.

"வா" என்றார் ராஜன்.

நான் வாயில் கையை வைத்துக்கொண்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார். வெளியே நிற்கிறவர்களைப் பார்த்து, பாட்டாக இல்லாமல், சும்மா பேசுகிற குரலில் இன்னொரு முறை சொன்னார். "வா. வா."

ஷைனி ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். உள்ளே வந்தவர்களுக்கு நிற்க இடம் இல்லை. போதகர் அழுதுகொண்டிருந்தார். வில்சன் டிரம்மைக் கழற்றிக் கட்டில்மேல் அவர் முன்னால் வைத்தான். ராஜன் இடது கையால் அடித்தார். நான் வரி வரியாகச் சொல்லிக் கொடுக்க, அத்தனை பேரும் பாடினார்கள். ஒவ்வொரு 'வா'வுக்கும் அவர்கள் நிறுத்திக் காத்திருந்தார்கள். நாலில் மூன்றை அவர் பிடித்தார். மேரி சேச்சி ஒரு பாத்திரம் நிறைய அச்சப்பத்தோடு வந்து வாசலில் நின்றார்.

அன்று அவர்கள் போன பிறகு ஷைனியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அக்டோபர் காலையில் நான் சொன்னது உட்பட. அவள், "அம்மா, நானும் அப்பாட்ட அதைத்தான் தினமும் சொல்லியிருக்கேன். எல்லா வீட்லயும் சொல்றதாக்கும்" என்றாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போதகரிடமும் சொன்னேன். ஆண்டவர் காது கேட்கிறவர் மட்டும் அல்ல அக்கா, அர்த்தம் தெரிந்தவரும்கூட என்றார் அவர். கட்டில் ஓரத்தில் அந்த 'இல்ல'வைக் கேட்டு அதன் அர்த்தத்தைப் புரிந்துகொண்டவள் நான். போதகர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது.

இப்போதைய நிலையை உள்ளபடி சொல்கிறேன். அவருடைய வலது கை வரவில்லை. பெட்டி ஆட்டோவை வேறு ஒருவர் ஓட்டுகிறார். கிடங்கில் என் வேலை கூடியிருக்கிறது. சொற்கள் ஒவ்வொன்றாக வருகின்றன. வா, போ, ஷைனி, மீன், ஆமா. ரூபி என்பது பிப்ரவரியில்தான் வந்தது, மீனுக்கு அப்புறம்; இதை நான் மறக்கப் போவதில்லை. சில மாசத்தில் பேச்சு கொஞ்சம் திரும்புவது இயற்கை என்று டாக்டர் சொல்கிறார். நான் அவரோடு வாதாடவில்லை. ஆண்டவரிடம் வேறு ஒரு வார்த்தை கேட்டேன். அது எந்தச் சாயங்காலம் கிடைத்தது என்று எனக்குத் தெரியும்.

நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். பாட்டு எழுத இப்போது மௌனம் தேடுவதில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதுதான் எழுதுகிறேன். சபையின் வழக்கத்திலும் ஒரு மாற்றம் வந்திருக்கிறது. இனிமேல் டிரம்மை நிறுத்துவதற்கு முன்னால் படுக்கையில் இருக்கிறவரிடமே போய்க் கேட்பார்கள்.

இதை வாசிக்கிற உங்களில் யாருக்காவது ஜெபிக்க வார்த்தை இல்லாமல் போயிருக்கலாம். கோபத்தில் சொன்ன ஒரு சொல் நெஞ்சில் குத்திக்கொண்டிருக்கலாம். நல்ல வார்த்தை அமையட்டும் என்று காத்திருக்காதீர்கள். வாயில் மிச்சமிருக்கிற சொல்லோடு அவரிடம் போங்கள், அது 'இல்ல'வாக இருந்தாலும் சரி. எங்கள் வீட்டுக்கு வந்தவர் உங்கள் வீட்டுக்கும் வருவார்.

கடைசியாக ஒன்று. போன மாசம் ஒரு காலையில், அதே அடுக்களையில், அவரைப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்டேன். இப்போது அவரிடம் 'ஆமா'வும் இருக்கிறது, அதனால் எனக்குப் பயமாக இருந்தது.

"அன்னிக்கு நான் வாய மூடச் சொன்னேனே. எம்மேல கோவமா?"

அவர் என்னைப் பார்த்தார். நன்றாக யோசித்தார்.

"இல்ல" என்றார். பிறகு அடுப்பைக் காட்டி, "சாயா" என்றார்.